கரண்ட் ரேஷியோ 1.25 இருக்கிற கம்பெனி ஐஸ் பாக்கியை ஏன் தரவில்லை?

மண்டபம்_ஐஸ் | 3 நவம்பர் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் அப்பா காலத்திலிருந்து ஐஸ் பிளான்ட் நடத்துகிறோம். 50 கிலோ பார். பாதி படகுகளுக்குப் போகும், மீதி கம்பெனிகளுக்கு. அதில் ஒரு கம்பெனி நண்டுச் சதையும் கணவாயும் பதப்படுத்தித் தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்புகிறது. பெயர் வேண்டாம். எட்டு வருஷ வாடிக்கை.

முன்பெல்லாம் பில் போட்டு இருபது நாளில் பணம் வந்துவிடும். இந்த வருஷம் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதிலிருந்து ஆட்டம் மாறிவிட்டது. கேட்டால் ஐம்பதாயிரம், முப்பதாயிரம் என்று கிள்ளிப் போடுகிறார்கள். இன்றைய தேதிக்குப் பாக்கி 7 லட்சத்து 40 ஆயிரம். 80 நாள் தாண்டிய பில்லும் அதில் இருக்கிறது. எனக்கு மாசாமாசம் கரண்ட் பில் கழுத்தைப் பிடிக்கிறது. ஐஸ் என்பதே உறைந்த கரண்ட்தானே.

மச்சான் சொன்னான் என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டை எடுத்துவிட்டேன். 2025 மார்ச் 31 கணக்கு. நான் படித்தது பி.காம், பாதி மறந்துவிட்டது. நடப்புச் சொத்து (ஒரு வருஷத்துக்குள் காசாகக் கூடியது) 1100 லட்சம், நடப்புக் கடன் (ஒரு வருஷத்துக்குள் தர வேண்டியது) 880 லட்சம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கரண்ட் ரேஷியோ 1.25. லாபமும் 20 லட்சம் காட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட முடியும் என்றுதானே படித்தோம்? அப்புறம் ஏன் என் காசுக்கு இழுக்கிறார்கள்? கடனில் பார் இறக்குவதைத் தொடரலாமா? நிறுத்தினால் பழைய பாக்கியும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

வேடிக்கை | 3 நவம்பர், இரவு 9:52

நிறுத்துங்க அண்ணே. இப்போதைக்குப் பணம் மட்டும்தான் உருகுது.

தொண்டித்_தம்பி | 3 நவம்பர், இரவு 10:15

அண்ணே, நான் தொண்டிதான், சென்னையில் எம்பிஏ கடைசி வருஷம். ஒரு ரேஷியோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முழு எண்களையும் போடுங்கள், போன வருஷத்து எண்களோடு.

மண்டபம்_ஐஸ் | 3 நவம்பர், இரவு 11:05

போடுகிறேன் தம்பி. எல்லாம் லட்சத்தில், அடைப்புக்குள் போன வருஷம்.

சரக்கு இருப்பு 410 (230). வர வேண்டிய பாக்கி 520 (390). கையிலும் பேங்கிலும் 8 (42). கொடுத்த முன்பணம் வகையறா 162 (98). கட்டடம், மெஷின், கோல்டு ஸ்டோர் 640 (690). மொத்தச் சொத்து 1740 (1450).

இந்தப் பக்கம், குறுகிய காலக் கடன் 480 (330). சப்ளை செய்தவர்களுக்குத் தர வேண்டியது 310 (170). மற்றவை 90 (60). நீண்ட காலக் கடன் 430 (480), அதில் டைரக்டர்கள் போட்டது 150 (110). மூலதனம் 200 (200), சேர்த்து வைத்த லாபம் 230 (210).

விற்பனை 2080 (2340). விற்ற சரக்கின் அடக்கம் 1660 (1840). வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 118 (166). வட்டி 92 (78). தேய்மானம் 52 (54). வரி போக லாபம் 20 (66).

டைப் அடித்தே கை வலிக்கிறது.

தொண்டித்_தம்பி | 4 நவம்பர், காலை 7:30

நன்றி அண்ணே. ராத்திரியே எக்ஸெல்லில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆல்ட்மன் இசட் ஸ்கோர், கம்பெனி திவாலாகுமா என்று கணிக்கிற ஒரு எண். 1968-ல் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன், திவாலான 33 கம்பெனிகளையும் நன்றாக நடந்த 33 கம்பெனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உருவாக்கியது. அது பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளுக்கு. பிரைவேட் கம்பெனிக்கு அவரே பிற்பாடு எடைகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஐந்து விகிதங்கள். நடப்பு மூலதனம் (நடப்புச் சொத்தில் நடப்புக் கடன் போக மீதி), சேர்த்து வைத்த லாபம், வட்டிக்கு முந்தைய லாபம், விற்பனை, இந்த நான்கையும் மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். ஐந்தாவது, சொந்தப் பணத்தை மொத்தக் கடனால் வகுப்பது. ஒவ்வொன்றையும் ஒரு எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும், வட்டிக்கு முந்தைய லாபத்துக்குத்தான் எடை அதிகம், 3.107.

இந்தக் கம்பெனிக்கு 1.74 வருகிறது. போன வருஷம் 2.35. 1.23-க்குக் கீழே போனால் ஆபத்து, 2.90-க்கு மேல் பத்திரம், நடுவில் சாம்பல் நிறம். ஆக இன்னும் விழவில்லை. என் கணிப்பு: தொடரலாம், ஆனால் கவனமாக.

கணக்கப்பிள்ளை | 4 நவம்பர், காலை 11:20

ராமநாதபுரத்தில் ஆடிட்டர் ஆபீஸில் இருபது வருஷமாக இருக்கிறேன். தம்பியின் கணக்கில் தப்பு இல்லை, கூட்டல் சரிதான். ஆனால் அந்த 1.74-ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 1.19, விற்பனையை மொத்தச் சொத்தால் வகுத்ததில் மட்டும் வருகிறது. மீன் தொழிலில் விற்பனை என்பது காலையில் வாங்கிச் சாயங்காலம் கைமாறுகிற விஷயம். நஷ்டத்தில் விற்றாலும் விற்பனை விற்பனைதான். மிச்ச நாலு விகிதங்களும் சேர்ந்து 0.55. வீக்கத்தையும் சேர்த்து எடை போட்டுவிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன கதை.

நான் முதலில் பார்ப்பது வட்டியைத்தான். 118-ஐ 92-ஆல் வகுத்தால் 1.28. போன வருஷம் 2.13. சம்பாதிக்கிற ஒவ்வொரு 1 ரூபாய் 28 காசிலும் ஒரு ரூபாய் வட்டிக்கே போகிறது. மீதி 28 காசில்தான் வரியும், பேங்க் தவணையின் அசலும். இதில் மெஷின் ரிப்பேர் வந்தால் என்ன செய்வார்கள்?

அப்புறம் நாள் கணக்கு. சரக்கு கோல்டு ஸ்டோரில் கிடக்கிற நாள் 46-லிருந்து 90 ஆகிவிட்டது. விற்ற பணம் வர 61 நாள் ஆனது இப்போது 91. சப்ளையர்களுக்குப் பணம் தருவது 34 நாளில் இருந்து 68 நாள். அடக்கத்தையும், வர வேண்டிய பாக்கிக்கு விற்பனையையும் வைத்து நான் போட்ட தோராயம் இது, ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம். 90-ம் 91-ம் கூட்டி 68-ஐக் கழித்தால் 113 நாள். போன வருஷம் 73. அதாவது மீனுக்குக் காசு கொடுத்த நாளிலிருந்து அது திரும்பி வர 40 நாள் கூடுதலாகிறது. அந்த 40 நாளை யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். பேங்க் கொஞ்சம் சுமக்கிறது. மிச்சத்தைச் சுமப்பவர்களில் நீங்கள் ஒருவர்.

கீழக்கரைக்_காக்கா | 4 நவம்பர், மதியம் 2:10

அந்தக் கம்பெனி எது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அட்டைப் பெட்டி சப்ளை செய்கிற என் சிநேகிதருக்கு போன பிப்ரவரியிலேயே இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிக்காரர், லாரிக்காரர், அப்புறம் ஐஸ்காரர். மீன் ஏலம் எடுக்க மட்டும் கையில் காசு வேண்டும், அங்கே கடன் சொன்னால் மறுநாள் யாரும் சரக்குத் தர மாட்டார்கள். அதனால் கடைசியாகத்தான் அங்கே கை வைப்பார்கள். தம்பி, உங்கள் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மண்டபம்_ஐஸ் | 4 நவம்பர், இரவு 8:45

காக்கா, வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஒரு சந்தேகம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மார்ச் கடைசியில் எல்லாக் கம்பெனியும் சரக்கைச் சேர்த்து வைக்கும், எனக்கே அப்போதுதான் ஐஸ் வியாபாரம் தூக்கும். மார்ச் 31-ல் எடுத்த கணக்கில் சரக்கு 410 என்று பெருத்துத் தெரிவது அதனால்தானே? இதை வைத்துக் கம்பெனி கெட்டுவிட்டது என்று சொல்வது நியாயமா?

கணக்கப்பிள்ளை | 4 நவம்பர், இரவு 9:30

நல்ல கேள்வி. இந்தக் கடற்கரையில் மார்ச் 31 என்பது மோசமான தேதிதான். படகு நிற்பதற்குப் பதினைந்து நாள் முன்னால் எடுத்த போட்டோ. ஆனால் போன வருஷப் போட்டோவும் அதே மார்ச் 31-ல் எடுத்ததுதானே? அன்றைக்கும் தடைக்காலம் பதினைந்து நாள் தள்ளித்தான் இருந்தது. அப்போது 230, இப்போது 410. தடைக்காலம் மாறவில்லை. விற்பனையோ 260 லட்சம் குறைந்திருக்கிறது. விற்பனை குறையும்போது இருப்பு ஏறினால் அது சேர்த்து வைத்ததா, விற்காமல் நின்றதா?

சரக்கை விலைக்குப் போடும் விதியில் அடக்கவிலையோ சந்தையில் கிடைக்கும் விலையோ, எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். உறைந்த கணவாய்க்கு ஆறு மாதம் கழித்து என்ன விலை என்பதைக் கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது, நாம் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

பாம்பன்_விசை | 5 நவம்பர், அதிகாலை 4:50

கடலுக்குப் போகாத நாள், தூக்கம் வரவில்லை. படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ரேஷியோ தெரியாது. ஆனால் அந்த “கொடுத்த முன்பணம் 162” என்பதில் படகுக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்று பார்க்க முடியுமா? அதை நடப்புச் சொத்தில் சேர்த்திருக்கிறீர்கள். சிரிப்பு வந்தது.

அந்த முன்பணம் திரும்பி வரும் பணம் இல்லை சார். படகு ஓனருக்கு வலை வாங்க, இன்ஜின் வேலை பார்க்க, வாடைக் காற்றில் பாடு இல்லாத மாசத்துக்கு டீசல் போட என்று கம்பெனி மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுக்கும். பதிலுக்கு அந்தப் படகுச் சரக்கு அந்தக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். கிலோவுக்கு ஐந்து பத்து குறைத்துத்தான் விலை போடுவார்கள். வருஷக்கணக்கில் அசல் அப்படியே நிற்கும். வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்றால் புதிய கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகும், அப்போதுதான் அது திரும்பும். மாட்டுக்குக் கட்டிய கயிறு மாதிரி. கயிற்றை விற்று யாராவது ஐஸ் பில் கட்டுவார்களா?

மண்டபம்_ஐஸ் | 5 நவம்பர், காலை 8:15

பார்த்துவிட்டேன். குறிப்பில் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். 162-ல் படகு முன்பணம் 120.

அண்ணே, ஐஸ் விற்கிற எனக்கே இது தோன்றவில்லை.

பழைய_மேனேஜர் | 5 நவம்பர், காலை 10:40

ஓய்வு பெற்ற வங்கிக்காரன் நான். கடைசி ஏழு வருஷம் இந்த மாவட்டத்துக் கிளைகளில்தான். பாம்பன் நண்பர் சொன்னதை நாங்கள் கடன் மனுவைப் பார்க்கும்போது கேட்கத் தவறிய நாட்கள் உண்டு.

தொழில்களுக்கு பேங்க் எவ்வளவு கடன் தரலாம் என்று 1975-ல் ரிசர்வ் பேங்கின் டாண்டன் கமிட்டி கொடுத்த அளவுகோலில்தான் நாங்கள் வளர்ந்தோம். நடப்புச் சொத்தில் கால் பங்கை நீண்ட காலப் பணத்திலிருந்து கம்பெனி போட வேண்டும், மீதிக்குத்தான் பேங்கும் சப்ளையர்களும். அப்படிப் போட்டால் கரண்ட் ரேஷியோ குறைந்தது 1.33 வரும். இவர்கள் 1100-க்கு 275 போட்டிருக்க வேண்டும், போட்டிருப்பது 220. போன வருஷம் 1.36, கோட்டுக்கு மேலே. இப்போது 1.25, கோட்டுக்குக் கீழே. ஆனால் இது பெரிய விஷயமே இல்லை.

பெரிய விஷயம், வர வேண்டிய பாக்கி 520 எவ்வளவு பழையது என்பது. சிசி கணக்கில் (சரக்கையும் பாக்கியையும் காட்டி எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன்) பணம் எடுக்க அனுமதிக்கும்போது 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவோம். இப்போது பேலன்ஸ் ஷீட்டிலேயே வயதுப் பட்டியல் போட வேண்டும், 2021-22-லிருந்து கட்டாயம். ஆறு மாதத்துக்கு உட்பட்டது, ஒரு வருஷம் வரை, இரண்டு வருஷம் வரை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம்_ஐஸ் | 5 நவம்பர், காலை 11:30

ஆறு மாதத்தைத் தாண்டியது 145 லட்சம். அதில் 60 ஒரு வருஷத்தையும் தாண்டியது.

பழைய_மேனேஜர் | 5 நவம்பர், மதியம் 12:05

சரி. 1100-ல் 145-ம், படகு முன்பணம் 120-ம் போனால் 835. நடப்புக் கடன் 880 அப்படியே நிற்கிறது. ரேஷியோ 0.95.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சரக்கை நான் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கையில் இருக்கிற ரொக்கம் 8 லட்சம், உங்கள் பாக்கியை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

தொண்டித்_தம்பி | 5 நவம்பர், மாலை 6:20

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் டைரக்டர்கள் 150 லட்சம் போட்டிருக்கிறார்களே? போன வருஷத்தை விட 40 அதிகம். அதை மூலதனம் மாதிரி எடுத்துக்கொண்டால் கடனுக்கும் சொந்தப் பணத்துக்கும் உள்ள விகிதம் 2.12-லிருந்து 1.31-க்கு இறங்குகிறது. சொந்தப் பணத்தைப் போடுகிறவர்கள் கம்பெனியைக் கைவிடுவார்களா?

பழைய_மேனேஜர் | 5 நவம்பர், இரவு 7:50

பேங்க் கடன் தீரும்வரை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நானும் அப்படித்தான் சேர்ப்பேன். இல்லாவிட்டால் அது மற்ற கடன் மாதிரிதான், ஒரு வித்தியாசம், எப்போது எடுப்பது என்று முடிவு செய்கிற ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். இந்த வருஷம் 40 போட்டது உண்மையான நம்பிக்கையாகவும் இருக்கலாம், பேங்க் தவணைக்கு மார்ச் கடைசியில் கொண்டுவந்து போட்டு ஏப்ரலில் எடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இதில் தம்பியோடு சண்டை இல்லை, ஆளைத் தெரியாமல் சொல்ல முடியாது.

கணக்கப்பிள்ளை | 5 நவம்பர், இரவு 10:15

எனக்கு இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேஷ் ஃப்ளோ கணக்கு, அதாவது ரொக்கம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற கணக்கு, இதில் இல்லையே என்று. அப்புறம் புரிந்தது, அந்தக் கணக்காண்டில் இருந்த வரம்பான மூலதனம் 4 கோடி, விற்பனை 40 கோடிக்குள் இருந்ததால் சட்டப்படி இது சின்னக் கம்பெனி, கேஷ் ஃப்ளோ போட வேண்டிய கட்டாயம் இல்லை. எது ரொம்பத் தேவையோ அது மட்டும் இல்லை. சரி, இரண்டு வருஷ எண்களும் இருக்கின்றன, நாமே போடலாம்.

லாபம் 20. தேய்மானம் 52 வெளியே போகாத செலவு, கூட்டினால் 72. சரக்கில் 180 போய் முடங்கியது. பாக்கியில் 130. முன்பணத்தில் 64. மொத்தம் 374 உள்ளே சிக்கிக்கொண்டது. சப்ளையர்களுக்குத் தராமல் வைத்தது 140, மற்றவர்களுக்குத் தராதது 30. 72-ல் 374-ஐக் கழித்து 170-ஐக் கூட்டுங்கள். மைனஸ் 132.

லாபம் 20 லட்சம் என்று எழுதிய அதே வருஷத்தில் தொழிலிலிருந்து 132 லட்சம் வெளியே ஓடியிருக்கிறது. சப்ளையர்களைக் காக்க வைத்த பிறகும்! அதை அடைக்கக் குறுகிய காலக் கடன் 150 கூட வாங்கியிருக்கிறார்கள். நீண்ட காலக் கடன் 50 குறைந்திருக்கிறது, மெஷினுக்கு 2 செலவு. ஆக மொத்தம் மைனஸ் 34. ரொக்கம் 42-லிருந்து 8. கணக்கு டாலி ஆகிவிட்டது.

மெஷினுக்கு வருஷத்துக்கு 2 லட்சம் என்பதையும் ஒரு நிமிஷம் பாருங்கள். தேய்மானம் 52. உப்புக்காற்றில் கம்ப்ரசரும் தகரமும் என்ன ஆகும் என்று ஐஸ்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆல்ட்மனுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1966-ல், வில்லியம் பீவர் என்பவர் ரேஷியோக்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். கம்பெனி விழப்போவதை நன்றாகக் காட்டியது கரண்ட் ரேஷியோ இல்லை, கேஷ் ஃப்ளோவை மொத்தக் கடனால் வகுத்ததுதான். லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டிய அவருடைய முறையில் போட்டால் 72-க்கு 1310, ஐந்தரைக் காசு. போன வருஷம் பதினொன்றரைக் காசு.

வேடிக்கை | 5 நவம்பர், இரவு 10:31

ஆடிட்டர் சார் பேலன்ஸ் ஷீட்டுக்கே எக்ஸ்ரே எடுத்துட்டார்.

மண்டபம்_ஐஸ் | 6 நவம்பர், காலை 9:10

சார், நீங்கள் சொன்ன பிறகு கடைசிப் பக்கங்களையும் படித்தேன். ரேஷியோ எல்லாவற்றையும் அவர்களே ஒரு அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள்! 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணம் எழுத வேண்டுமாம். சரக்குச் சுழற்சி பாதியாகக் குறைந்ததற்குப் பக்கத்தில் எழுதியிருக்கிற காரணம்: “வணிக நடவடிக்கைகள் அதிகரித்ததால்.” விற்பனை குறைந்திருக்கிறது சார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பெண்டாட்டி என்ன என்று எட்டிப் பார்த்தாள்.

கணக்கப்பிள்ளை | 6 நவம்பர், காலை 9:40

போன வருஷக் காரணத்தைக் காப்பி செய்து ஒட்டியிருப்பார்கள். எங்கள் ஆபீஸிலும் செப்டம்பர் கடைசி வாரம் அப்படித்தான், வெளியே சொல்லாதீர்கள்.

அதே தளத்தில் கம்பெனி பெயருக்குக் கீழே சார்ஜ் பட்டியல் இருக்கும். கம்பெனி எதை யாரிடம் அடமானம் வைத்திருக்கிறது என்பது அதில் வரும். கட்டாயம் பாருங்கள்.

மண்டபம்_ஐஸ் | 6 நவம்பர், இரவு 8:30

பார்த்தேன். பழைய பேங்க் சார்ஜ் ஒன்று, கட்டடம், சரக்கு எல்லாவற்றின் மேலும். போன பிப்ரவரியில் புதிதாக ஒன்று, ஒரு தனியார் நிதி நிறுவனம், வர வேண்டிய பாக்கிகளின் மேல்.

பழைய_மேனேஜர் | 6 நவம்பர், இரவு 9:00

காக்கா சொன்ன அட்டைப் பெட்டிக்காரருக்கு இழுக்க ஆரம்பித்ததும் பிப்ரவரிதான். பேங்க் இனிக் கூட்டித் தராது என்று ஆன பிறகுதான் வட்டி அதிகமுள்ள இடத்துக்குப் போவார்கள். ஐஸ்காரருக்கு எந்த அடமானமும் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் நிற்பார்கள். திவால் சட்டத்தில் மனுப் போடலாமா என்று யோசிக்காதீர்கள், 2020-லிருந்து அதற்குக் குறைந்தது ஒரு கோடி பாக்கி இருக்க வேண்டும்.

கீழக்கரைக்_காக்கா | 6 நவம்பர், இரவு 10:20

எல்லோரும் மார்ச் கணக்கையே கிண்டுகிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. தூத்துக்குடியில் சரக்கு எடுக்கிறவர்கள் விலையை இறக்கிக் கேட்கிறார்கள், சிலர் எடுக்கவே இல்லை. நீங்கள் வைத்திருப்பது அதற்கு ஐந்து மாதம் முந்தைய கணக்கு. 0.95 என்பது நல்ல காலத்துக் கணக்கு தம்பி.

பாம்பன்_விசை | 7 நவம்பர், மதியம் 1:15

காக்கா சொல்வது சரி. நண்டு விலை எங்களுக்கும் இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் மூன்று அக்காமார் அங்கே சதை எடுக்கப் போகிறார்கள். கிலோ கணக்கில் கூலி, சனிக்கிழமை கையில் காசு. தீபாவளிக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. எந்தப் பேலன்ஸ் ஷீட்டில் இது வரும் என்று ஆடிட்டர் சார் சொல்லட்டும்.

கணக்கப்பிள்ளை | 7 நவம்பர், மதியம் 2:00

“மற்றவை 90” என்பதற்குள் வரும் தம்பி. அடுத்த வருஷம் நவம்பரில்.

மண்டபம் நண்பருக்கு: உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் பேங்கின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியாக. அதை விட அவர்களுக்கு வலிப்பது வருமான வரி. 2023-24 கணக்காண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியைச் செலவாகக் காட்ட முடியாது, பணம் தருகிற வருஷத்தில்தான் காட்டலாம். ஐஸ் நீங்களே தயாரிக்கிறீர்கள், வாங்கி விற்கவில்லை, அதனால் உங்களுக்கு இது பொருந்தும். சிறு தொழில்களின் பாக்கிக்கான அரசுத் தளத்தில் புகார் போடுவது கடைசி வழி. முதலில் கடிதம், ஆடிட்டருக்கு ஒரு நகலோடு. ஆடிட்டர் பார்த்தால் ஃபோன் போடுவார், எனக்குத் தெரியும்.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அன்றன்றைய ஐஸுக்கு அன்றே காசு, அதோடு பழைய பாக்கியில் ஒரு தொகை.

தொண்டித்_தம்பி | 7 நவம்பர், மாலை 5:45

அண்ணே, முதல் நாள் “தொடரலாம்” என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வகுப்பில் எங்களுக்கு அந்த 162 வெறும் 162 தான். பாம்பன் அண்ணன் எழுதியதை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன், முன்பணம் பற்றி இன்னும் கேட்டு வரச் சொன்னார்.

பாம்பன்_விசை | 7 நவம்பர், மாலை 6:02

வாங்க தம்பி, டீ வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன்.

மண்டபம்_ஐஸ் | 19 நவம்பர், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உத்யம் எண் போட்டுக் கடிதம் கொடுத்தேன், நகல் அவர்கள் ஆடிட்டருக்கு. நாலாவது நாள் கூப்பிட்டார்கள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸுக்குள் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். எம்.டி. ரொம்பப் பணிவாகத்தான் பேசினார். “தூத்துக்குடியிலிருந்து வந்ததும் முதல் செக் உங்களுக்குத்தான்” என்றார். அட்டைப் பெட்டிக்காரரிடமும் இதையே சொல்லியிருப்பார் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கோல்டு ஸ்டோர் கதவு திறந்திருந்தது, லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பின் சுவர் ஓரமாகக் கூரை வரை கணவாய்ப் பெட்டிகள். அட்டை நனைந்து காய்ந்து வளைந்து போயிருக்கிறது, மேலே விரல் கனத்துக்குப் பனி. குளிர் விட்டு விட்டுப் போனால்தான் அப்படி ஏறும், ஐஸ்காரனுக்குத் தெரியாதா? ஓரத்துப் பெட்டியில் பேக்கிங் தேதியைப் பார்த்தேன். ஜனவரி. அந்த 410-ல் ஒரு பகுதி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

இரண்டு தவணையாக 2 லட்சத்து 30 ஆயிரம் வந்தது. பாக்கி 5 லட்சத்து 10 ஆயிரம். திங்கட்கிழமையிலிருந்து கடனில் பார் இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வண்டி வரவில்லை. வேறு பிளான்டில் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன், அங்கேயும் கடன் சொல்லியிருக்கிறார்கள் போல. இன்று காலை 5 மணிக்கு அவர்கள் லாரி வந்து நின்றது. டிரைவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து, “எண்ணிட்டு இறக்குங்க அண்ணே, நாப்பது பாருக்குத்தான் இருக்கு” என்றான்.